பட்டான் கல்: ஒரு சாவை வரலாறும் இலக்கியமும் நம்பிக்கையும் நினைவில் வைக்கும் விதம்

திருவண்ணாமலை மாவட்டத்தில், செங்கம் வட்டாரத்தில் எடுத்தனூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே கண்டெடுத்த நடுகல் ஒன்றில் ஆயுதம் ஏந்திய வீரன் நிற்கிறான். பக்கத்தில் ஒரு நாய். வட்டெழுத்து என்னும் பழைய தமிழ் எழுத்தில் வெட்டிய வாசகம் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்தது, அதாவது 7ஆம் நூற்றாண்டு. எருமைகளைக் காக்கப் போய் இறந்த கருந்தேவக்கத்தி என்பவனின் கல் இது என்று சொன்ன பிறகு, அந்த வாசகம் இன்னொரு செய்தியும் சொல்கிறது: கோவிவன் என்னும் நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்திருந்தது.

நாயின் பெயரைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். கல்லில் எழுத்து வெட்டுவது லேசான வேலை இல்லை. உளியை வைத்து ஒவ்வொரு கோடாக இழுக்க வேண்டும். இடமும் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்ச இடத்தில் கோவிவனுக்கும் பங்கு ஒதுக்கியிருக்கிறார்கள். மகேந்திரவர்மனைப் பற்றிச் சொல்ல மண்டகப்பட்டு தொடங்கிக் குடைவரைகள் பல இருக்கின்றன. கோவிவனைப் பற்றிச் சொல்ல இந்த ஒரு கல்தான்.

வரலாறு, இலக்கியம், நம்பிக்கை என்று மூன்றையும் தனித்தனிப் பாடமாகப் படித்துப் பழகிவிட்டோம். நடுகல்லின் முன்னால் போய் நின்றால் அந்தப் பிரிவினை செல்லாது. தொல்லியல் படித்தவருக்கு அது ஆவணம். தமிழ் படித்தவருக்கு அது புறத்திணைத் துறை. பக்கத்துத் தெருப் பாட்டிக்கு அது சாமி. மூன்று பேரும் ஒரே ஆளின் சாவைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஆனால் ஒவ்வொருவரும் ஏதோ ஒன்றைப் பத்திரப்படுத்திக்கொண்டு வேறொன்றைத் தவற விடுகிறார்கள். நாம் இன்று 'நாங்கள்' என்று சொல்லும்போது யாரையெல்லாம் அதில் சேர்க்கிறோம் என்பது, இவர்கள் பத்திரப்படுத்தியதையும் தவறவிட்டதையும் பொறுத்தே இருக்கிறது.

2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில், வைகைக் கரையோரம், தமிழ்ப் பிராமி எழுத்துள்ள மூன்று நடுகற்களைத் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். கி.மு. காலத்தவை என்பது அவர்கள் கணிப்பு. அவற்றில் ஒன்றின் வாசகம்: 'கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்'. கூடலூரில் மாட்டு மந்தைக்காக நடந்த ஆநிரைப் பூசலில் இறந்துபோன தீயன் அந்தவனுக்கு எடுத்த கல் என்று பொருள் சொல்கிறார்கள்.

இதில் 'ஆகோள்' என்ற சொல்தான் தமிழ் படித்தவர்களை நிமிர்ந்து உட்கார வைத்தது. தொல்காப்பியத்தில், மாடு கவரும் சண்டையைப் பற்றிய வெட்சித்திணையின் துறைகளைச் சொல்லும் இடத்தில் வரும் சொல் அது. அதுவரை நமக்கு இலக்கணப் புத்தகத்துச் சொல்லாகவே பழகியிருந்தது. அதே சொல், அதே பொருளில், வைகைக் கரையில் ஒரு சின்னக் கல்லில் இருக்கிறது. மாடு பிடிக்கும் சண்டையில் செத்தவனின் உறவுக்காரர்கள் பேசிய வார்த்தையும் இலக்கணம் எழுதியவர் பயன்படுத்திய வார்த்தையும் ஒன்றாக இருந்திருக்கின்றன. நூல் முந்தியதா, கல் முந்தியதா என்று சண்டை போடுவதைவிட, இரண்டும் ஒரே வாழ்க்கையிலிருந்து வந்தவை என்று பார்ப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

தொல்காப்பியம் கல் நடும் சடங்கை ஆறு படிகளாகச் சொல்கிறது. தக்க கல்லைத் தேடிக் காண்பது காட்சி. அதை எடுக்கும் வேலையைத் தொடங்குவது கால்கோள். நீராட்டுவது நீர்ப்படை. அப்புறம் நடுதல், படையல் இட்டுச் சிறப்புச் செய்யும் பெரும்படை, வாழ்த்தல். மாட்டை ஓட்டிவரப் போய் இறந்தவனுக்கும் கல் உண்டு, மீட்கப் போய் இறந்தவனுக்கும் கல் உண்டு. செங்கம் பக்கத்துக் கற்களில் மாட்டு மந்தைக்குத் 'தொறு' என்று பெயர். 'தொறுக் கொண்டு பட்டான்', 'தொறு மீட்டுப் பட்டான்' என்ற இரண்டு வகை வாசகங்களும் கிடைக்கின்றன. பட்டான் என்றால் இறந்தான். இன்னார் ஆட்சியில், இத்தனையாவது ஆண்டில், இன்னார் மகன், இந்தப் பூசலில் பட்டான், அவன் கல். இரண்டு தரப்புக்கும் ஏறக்குறைய இதே நடை. மாடுதான் செல்வமாக இருந்த காலத்தில், அதற்காகச் செத்தவன் எந்தப் பக்கம் நின்றான் என்பது அவனை நினைவில் வைப்பதற்குத் தடையாக இருக்கவில்லை.

கல் செய்யும் வேலை இவ்வளவுதான்: பெயர், ஊர், ஆண்டு, காரணம். அவன் எப்படிச் சிரிப்பான், யாருக்கு அவன் வேண்டியிருந்தான் என்பதெல்லாம் அதில் வராது. அதற்குப் பாட்டு வேண்டும்.

அதியமான் இறந்த பிறகு ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டு ஒன்று உண்டு, 232ஆம் பாட்டு. நடுகல்லுக்கு மயில்பீலி சூட்டி, சின்னக் கலத்தில் கள்ளை ஊற்றுகிறார்கள். அதைப் பார்த்து அவர் கேட்கிறார்: மலையோடு கூடிய நாட்டையே கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளாதவன், இந்தச் சின்னக் கலத்துக் கள்ளையா வாங்கிக்கொள்வான்? இறந்தவன் எப்படிப்பட்ட ஆள் என்பதை எந்தக் கல்வெட்டும் இப்படிச் சொன்னதில்லை. அதோடு கல்லுக்கு என்ன படைத்தார்கள், எப்படி அலங்கரித்தார்கள் என்ற செய்தியும் போகிற போக்கில் நமக்குக் கிடைத்துவிடுகிறது.

அதே தொகுப்பின் 306ஆம் பாட்டில் ஒரு பெண் தினமும் நடுகல்லைக் கும்பிடுகிறாள். தனக்கு விருந்தினர் வந்துகொண்டே இருக்க வேண்டும் என்று கேட்கிறாள். கணவனுக்காக அவள் கேட்பது பெரிய பகையை. நாடு வென்று தரும்படியான பகை அவனுக்கு வாய்க்க வேண்டுமாம். அந்தப் பாட்டை ஒவ்வொரு முறை படிக்கும்போதும் எனக்கு மனம் கனத்துவிடும். அந்த வேண்டுதல் பலித்தால் அடுத்த கல் அவள் வீட்டு ஆளுக்காகவே இருக்கலாம். ஒரு நம்பிக்கை எவ்வளவு ஆழமாக இறங்கினால் ஒரு பெண் தன் வாயாலேயே இதைக் கேட்பாள்! வீரத்தை அந்தச் சமூகம் வாளால் மட்டும் வளர்க்கவில்லை, வீட்டு வேண்டுதலிலும் வைத்து வளர்த்திருக்கிறது.

மாங்குடி கிழார் பாடிய 335ஆம் பாட்டு இன்னும் ஒருபடி மேலே போகிறது. பகைவரைத் தடுத்து, யானையை எறிந்து வீழ்ந்தவனின் கல்லைத் தவிர நெல் தூவி வழிபடும் கடவுள் வேறு இல்லை என்கிறது. அந்தப் பாட்டில் துடியன், பாணன், பறையன், கடம்பன் என்ற நான்கைத் தவிர வேறு குடியே இல்லை என்றும் வருகிறது. பிற்காலத்தில் யாரையெல்லாம் ஊருக்கு வெளியே தள்ளினார்களோ அவர்களின் பெயர்களும் இங்கே பெருமைக்குரிய குடிகளின் வரிசையில் இருக்கின்றன. இந்தப் பாட்டுள்ள புறநானூற்றை உ.வே.சாமிநாதையர் 1894இல் அச்சில் கொண்டுவந்தார். அதன் பிறகுதான் இந்த வரி பரவலாகப் படிக்கவும் மேடையில் எடுத்துக்காட்டவும் கிடைத்தது. 20ஆம் நூற்றாண்டில் தமிழ்ச் சமூகம் தன்னைப் பற்றி நடத்திய வாதங்கள் பலவற்றுக்கு இப்படிப்பட்ட வரிகளே ஆதாரம்.

ஆனால் பாட்டு பெயரைத் தவற விடும். அகநானூற்றின் பாலைப் பாட்டுகளில் நடுகல் நிறைய வருகிறது, அங்கே நிற்பவனுக்குப் பெயர் கிடையாது. பொருள் தேடிப் போகும் தலைவன் கடக்க வேண்டிய பயங்கரமான வழிக்கு அது ஓர் அடையாளம், அவ்வளவுதான். 'பெயரும் பீடும் எழுதி' வழிதோறும் நட்ட கல் என்று ஒரு பாட்டு சொல்லும், அந்தப் பெயர் என்னவென்று சொல்லாது. என்னை அதிகம் யோசிக்க வைத்தது 343ஆம் பாட்டு. கூர்மையான உளியால் செதுக்கிய எழுத்தின் கோடுகள் தேய்ந்து மறைந்துவிட்டன. அந்த வழியாகப் போகிறவர்கள் அதை வேறு பொருளாகப் படித்துவிட்டுப் போகிறார்கள். தேய்ந்த எழுத்தைத் தப்பாகப் படிப்பது நம் காலத்துக் கோளாறு என்று நினைத்திருந்தேன். சங்கப் புலவர் காலத்திலேயே அது பழைய சங்கதியாக இருந்திருக்கிறது.

எழுத்து தேய்ந்தபின் கல்லை யார் காப்பாற்றுவது? நம்பிக்கைதான் காப்பாற்றியது. தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கங்களில் வேடியப்பன் கோயில் என்று கும்பிடும் இடங்கள் பலவற்றில் உள்ளே இருப்பது நடுகல். பெயர் போய்விட்டது, ஆண்டு போய்விட்டது, எந்த ஊர் மாட்டுக்காகச் செத்தான் என்பதும் போய்விட்டது. ஆனால் அவன் நம்மைக் காக்கச் செத்தவன், நாம் அவனுக்குக் கடன்பட்டவர்கள் என்ற உறவு மட்டும் போகவில்லை. தஞ்சை, புதுக்கோட்டைப் பக்கம் 'பட்டவன்' என்றே ஒரு சாமி உண்டு, சண்டையில் அல்லது அகாலமாக இறந்து தெய்வமானவன். கல்வெட்டுகளில் 'பட்டான்' என்று வரும் அதே சொல். கல்லில் வினையாக இருந்தது கோயிலில் பெயராகிவிட்டது. எழுதப் படிக்கத் தெரியாத எத்தனையோ தலைமுறைகள், ஒரு சொல்லை அதன் பொருளோடு கைமாற்றிக் கொடுத்திருக்கின்றன.

இந்த மூன்றும் கலக்கும் இடத்தைத் தெளிவாகப் பார்க்க வேண்டுமானால் சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்துக்குத்தான் போக வேண்டும். அதன் காதைகளின் பெயர்களைப் படித்துப் பாருங்கள்: காட்சிக் காதை, கால்கோட் காதை, நீர்ப்படைக் காதை, நடுகற் காதை, வாழ்த்துக் காதை. தொல்காப்பியத்தின் நடுகல் படிகளையே இளங்கோவடிகள் காதைகளுக்குப் பெயராக வைத்திருக்கிறார். மாட்டுக்காகச் செத்த மறவனுக்கு எந்த முறைப்படி கல் எடுப்பார்களோ, அந்த முறைப்படி கண்ணகிக்கும் எடுக்கிறார்கள்.

அந்தக் காட்சிக் காதையில் ஓர் உரையாடல் வரும். செங்குட்டுவன் தன் தேவியிடம் கேட்கிறான்: கணவன் இறந்ததும் தானும் இறந்த பாண்டிமாதேவி, கோபத்தோடு நம் நாட்டுக்கு வந்துசேர்ந்த இந்தப் பெண், இருவரில் யாரை வியக்க வேண்டும்? தேவி நிதானமாகப் பதில் சொல்கிறாள். கணவனின் துன்பத்தைக் காணாமலே உயிர்விட்டவள் வானகத்தில் பெருஞ்சிறப்புப் பெறட்டும், அது அப்படியே இருக்கட்டும். நம் நாட்டை அடைந்த இந்தப் பத்தினிக் கடவுளை நாம் வழிபட வேண்டும். தீப்பாய்ந்த பெண்களுக்குச் சதிக்கல் எடுத்த வரலாறும் நம்முடையதுதான். தீப்பாஞ்சம்மன் என்று அவர்களையும் கும்பிடுகிறோம். ஆனால் சிலம்பில் கல் பெறுபவள், கணவனுடன் உடனே செத்துப்போனவள் இல்லை. அரசவைக்குப் போய் அரசனைக் கேள்வி கேட்டு, நீ செய்தது தவறு என்று நிரூபித்தவள். இரண்டு பேரையும் எதிரெதிரே வைத்து, ஓர் அரசியின் வாயாலேயே தேர்ந்தெடுக்க வைத்தது காப்பியத்தின் பெரிய துணிச்சல் என்று நான் நினைக்கிறேன்.

இது நடந்ததா? செங்குட்டுவன் பத்தினிக்குக் கல் வேண்டி வடக்கே போனதைப் பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பத்துப் பதிகமும் சொல்கிறது. கல்வெட்டுச் சான்று கிடைத்ததில்லை. வரந்தரு காதையில் கடல்சூழ் இலங்கைக் கயவாகு மன்னன் வந்திருந்ததாக ஒரு குறிப்பு வருகிறது. இலங்கையின் கஜபாகு கி.பி. 2ஆம் நூற்றாண்டு, ஆகவே செங்குட்டுவனும் அந்தக் காலம், ஆகவே சங்க காலம் இன்னது என்று ஒரு கணக்குப் போட்டார்கள். ஒரு காப்பியத்தின் ஒரு குறிப்பை ஆணியாக அடித்து, அதில் ஓர் இனத்தின் முழுக் கால வரிசையையும் மாட்டிவைத்தார்கள். அந்த ஆணி தாங்காது என்று மறுத்த அறிஞர்களும் உண்டு. புலிமான்கோம்பை போன்ற கண்டுபிடிப்புகளின் பெரிய உதவி இதுதான். காலத்தைக் கணிக்க இப்போது மண்ணுக்குள்ளிருந்து வரும் சான்றும் இருக்கிறது, காப்பியத்தின் தலையில் மட்டும் அந்தப் பாரத்தை ஏற்ற வேண்டியதில்லை.

வரலாற்று நிச்சயம் இல்லாதது வழிபாட்டுக்கு எந்தக் குறையும் வைக்கவில்லை. தேனிக்கும் இடுக்கிக்கும் நடுவில் மலைமேல் இருக்கும் மங்கலதேவி கண்ணகி கோயில் ஆண்டுக்கு ஒருநாள், சித்திரைப் பௌர்ணமிக்குத்தான் திறக்கிறது. இரண்டு மாநிலத்து மக்களும் மலையேறிப் போகிறார்கள். இலங்கையில் சிங்கள பௌத்தர்கள் அவளைப் பத்தினித் தெய்வமாக வணங்குகிறார்கள். கண்டிப் பெரஹராவில் ஊர்வலம் வரும் நான்கு தேவாலயங்களில் ஒன்று பத்தினி தேவாலயம். மட்டக்களப்புப் பக்கம் வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு நடக்கும். கண்ணகி வழக்குரை பாடுவார்கள், கடைசியில் திருக்குளிர்த்தி, எரித்த அம்மனின் கோபத்தைக் குளிர்விக்கும் சடங்கு. மதுரை எரிந்த சூடு, மதுரையிலிருந்து கடல் தாண்டிய ஓர் ஊரில் இன்னும் ஆறவில்லை என்பது போல அதைச் செய்கிறார்கள்.

யாழ்ப்பாணத்தில் கதை வேறு. 19ஆம் நூற்றாண்டில் எழுந்த சைவச் சீர்திருத்தம், சமணக் காப்பியத்து வணிகப் பெண்ணைச் சைவர்கள் எப்படிக் கும்பிடலாம் என்று கேட்டது. கண்ணகி கோயில்கள் பல வேறு அம்மன் பெயர்களுக்கு மாறின. இரண்டு பகுதிகளும் தமிழ் பேசுபவை, ஒரே தீவில் இருப்பவை. ஒன்றில் கண்ணகியை ஒதுக்குவது நல்ல சைவரின் அடையாளமாயிற்று, இன்னொன்றில் அவளைக் குளிர்விப்பது ஊரின் அடையாளமாயிற்று. அப்புறம் தமிழ்நாட்டுக்கு வந்தால், 1892இல் அச்சேறிய சிலப்பதிகாரத்தைப் படித்து வளர்ந்த தலைமுறை அவளைக் கோயிலுக்குள் தேடவில்லை. 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது சென்னை மெரினாவில், கையில் சிலம்போடு சிலையாக நிறுத்தியது. 2001இல் அந்தச் சிலை அங்கிருந்து அகன்றபோது எழுந்த கொந்தளிப்பும், 2006இல் அது திரும்பி வந்ததும் பலருக்கு நினைவிருக்கும். பூசையே இல்லாத ஒரு சிலைக்காக அவ்வளவு பேர் கலங்கினார்கள். பழைய நடுகல் வழக்கம் வேறு உருவத்தில் நீடிக்கிறது என்றே அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

எல்லா நினைவும் இப்படி நேர்மையாகக் கைமாறியதில்லை. தெற்கே முத்துப்பட்டன் கதை இருக்கிறது, வில்லுப்பாட்டாகப் பாடப்படுவது. பிராமணப் பையன் முத்துப்பட்டன், தோல்தொழில் செய்யும் அருந்ததியர் குடியின் வாலப்பகடை பெற்ற பொம்மக்கா, திம்மக்கா என்ற இரண்டு பெண்களை விரும்புகிறான். பூணூலை அறுத்து, தோல் வேலை கற்று, செருப்புத் தைத்து வந்தால் பெண் தருகிறேன் என்கிறார் தகப்பன். அவன் அதைச் செய்கிறான். கல்யாணம் ஆன கையோடு மாட்டை ஓட்டிப்போக ஆட்கள் வருகிறார்கள். மீட்கப் போனவன் சண்டையில் ஜெயித்தும் வஞ்சகத்தால் சாகிறான். கவனியுங்கள், இதுவும் 'தொறு மீட்டுப் பட்டான்' கதைதான். பாபநாசம் மலையில் காரையார் சொரிமுத்து அய்யனார் கோயிலில் அவன் பட்டவராயனாக நிற்கிறான். நேர்த்திக்கடனாக அவனுக்குத் தோல் செருப்புகளைக் கட்டுகிறார்கள். கோயில் வாசலில் எல்லோரும் கழற்றிப் போடும் பொருள், அங்கே காணிக்கை.

பேராசிரியர் நா.வானமாமலை போன்றவர்கள் இந்தக் கதைப்பாடல்களைத் தேடிப் பதிப்பித்தபோது ஒன்றைக் கவனித்தார்கள். கதையின் பிந்திய வடிவத்தில் ஒரு திருத்தம் நுழைந்திருக்கிறது: அந்தப் பெண்கள் உண்மையில் பிராமணக் குடியில் பிறந்தவர்கள், வாலப்பகடை எடுத்து வளர்த்தார் என்று. ஒரே ஒரு சின்ன சேர்க்கை. அதில் முத்துப்பட்டன் மீறிய எல்லையே இல்லாமல் போய்விடுகிறது, வாலப்பகடையின் மகள்கள் வாலப்பகடையிடமிருந்து பறிபோகிறார்கள். எனக்கு இது கொலைக்கு மேல் ஒரு கொலையாகத் தெரிகிறது. ஆனால் காணிக்கை மாறவில்லை, பாருங்கள். திருத்தியவர்களின் கை பாட்டு வரைக்கும்தான் எட்டியது. பூசையில் தொங்கும் செருப்பு, பழைய கதையை அப்படியே வைத்திருக்கிறது.

அதனால்தான் வரலாறு, இலக்கியம், நம்பிக்கை என்ற மூன்று காவலர்களும் நமக்கு வேண்டும் என்கிறேன். ஒருவர் மறந்ததை இன்னொருவர் வைத்திருப்பார். ஒருவர் மாற்றியதை இன்னொருவர் காட்டிக்கொடுப்பார். இன்று நடுகற்களைச் சுற்றி நடப்பதில் என்னை வருத்துவது, மூன்றையும் பிடுங்கி ஒரே கையில் கொடுக்கும் வேகம். எங்கேயாவது ஒரு கல் கிடைத்தால், வாசகத்தை முழுதாகப் படிக்கும் முன்பே அது எங்கள் சாதிக் கல், எங்கள் மூதாதை என்று உரிமை கொண்டாட ஆள் வந்துவிடுகிறார்கள். கருந்தேவக்கத்தியின் கல் அவன் யாரிடம் சேவகம் பார்த்தான், எதற்காக இறந்தான் என்று சொல்கிறது. இன்றைய சாதிப் பட்டியலில் அவன் எந்த வரிசை என்று சொல்லவில்லை. அந்தக் கல் சொல்லாததை அதன் வாயில் திணிக்க நமக்கு என்ன உரிமை?

கல்லைப் படிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் தண்ணீர் ஊற்றி, மென்மையான தூரிகையால் தேய்த்துக் கழுவுவார்கள். சாமிக் கல்லாக இருந்தால் தலைமுறைகளாகப் பூசிய எண்ணெயும் மஞ்சளும் பிசுக்காக ஏறியிருக்கும், ஊர்ப் பெரியவர்களிடம் அனுமதி கேட்டு, பூசாரியையே கூட வைத்துக்கொண்டு கழுவ வேண்டியிருக்கும். அப்புறம் நனைத்த தாளைக் கல்லின்மேல் ஒட்டி, கட்டைத் தூரிகையால் மெதுவாகத் தட்டுவார்கள். எழுத்தின் பள்ளங்களுக்குள் தாள் இறங்கும். கொஞ்சம் காய்ந்ததும் மையை ஒற்றினால் மேடெல்லாம் கறுக்கும், பள்ளத்தில் இருக்கும் எழுத்து வெள்ளையாக மேலே வரும். படித்தவர் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிச் சொல்ல, சுற்றி நிற்கிறவர்கள் தாங்கள் இத்தனை நாள் சாமி என்று மட்டும் அழைத்தவரின் பெயரைக் காதால் கேட்பார்கள். தாளை உரித்து எடுத்தபின் கல் பழையபடி நனைந்து நிற்கும். பூசாரி மறுபடியும் எண்ணெய் தடவி, மஞ்சள் பூசி, பூ வைப்பார்.